கோல் விழும்போதெல்லாம் 'வா வா'

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். மராத்தி பேசும் ஊரான சிஞ்ச்வட்டில் லேத் பட்டறை வைத்து, டை கட்டிய இன்ஜினியர்களே சாமானுக்காக என் வாசலில் காத்து நின்றதைப் பார்த்தவன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. உழைத்தவன் சொல்லத்தான் செய்வான். மெஷின்கள் அத்தனையும் ஓடும்போது இந்தக் கோடியிலிருந்து நான் கூப்பிட்டால் அந்தக் கோடியில் நிற்கிறவன் திரும்புவான். அப்படி ஒரு தொண்டை. அந்தத் தொண்டைதான் ஒரு கால்பந்து அணியைக் கலைக்கப் பார்த்தது.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம் ஆகியிருக்கும். என் மகள் கேம்ப் என்கிற பகுதியில் ஒரு கல்லூரியில் சேர்ந்தாள். அந்த வருஷம்தான் அங்கே பெண்களுக்கென்று கால்பந்து அணி தொடங்கினார்கள். உயரமாக இருக்கிறாள் என்று அவளைக் கோல்கீப்பராக நிறுத்திவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் எதிலும் ஒட்டாத பெண். அந்தக் கையுறையை மாட்டிய நாளிலிருந்து காலையில் அவளை எழுப்ப வேண்டியதில்லை. விடியும் முன்பே லோக்கல் ரயில் பிடித்து ஓடிவிடுவாள்.

"முழங்கால் பூரா சிராய்ப்பு. நாளைக்கு எவன் கட்டிக்குவான்?" என்றாள் என் மனைவி.

"எனக்குப் பொறந்தது சிராய்ப்புக்குப் பயப்படுமா?" என்று வாயை அடைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறை டெம்போவில் நானே அந்தப் பெண்களை மைதானத்துக்கு ஏற்றிப் போனேன். ஆயில் வாடை அடிக்கும். ஒருத்தியும் முகம் சுளித்ததில்லை. அணி தோற்றது. மறுபடி தோற்றது. மழைக்காலச் சேற்றில் பூட்ஸைப் பிடுங்கி நடப்பதற்குள் எதிரணி கோல் போட்டுவிட்டுப் போய்விடும். பரீட்சை என்றும், வீட்டில் விடவில்லை என்றும் சிலர் நின்றுபோனார்கள். மிஞ்சியது சரியாகப் பதினொன்று. விளையாட்டு ஆசிரியர் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொல்லிவிட்டார்: "தோற்றால் பரவாயில்லை. ஆள் குறைந்து ஒரு மேட்சை விட்டுக்கொடுத்தால் அடுத்த வருஷம் அணி கிடையாது." அன்று ராத்திரி என் மகள் சாப்பிடவில்லை.

எனக்குக் கால்பந்து தெரியாதுதான். ஆனால் ஒரு வேலையை இரண்டு தடவை பார்த்தால் அதன் சூட்சுமம் எனக்குப் பிடிபட்டுவிடும். எதிரி பந்தோடு வரும்போது கீப்பர் கோட்டிலேயே நின்றால் கோல் அகலமாகத் தெரியும். முன்னால் ஏறி வந்தால் குறுகிப்போகும். என் மகள் ஏறவே மாட்டாள். ஒவ்வொரு முறையும் நான் கோட்டுக்கு வெளியே நின்று, "வா! வா!" என்று கத்துவேன். அவள் நின்ற இடத்திலேயே நிற்பாள். பந்து உள்ளே போகும். ஒருநாள் எதிரணிக் கோச் என் தோளில் கை போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, "உங்கள் பெண் யார்?" என்று கேட்டார். "அந்தக் கீப்பர்" என்றேன். கையை எடுத்துக்கொண்டார். ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

கடைசிக்கு முந்தின ஆட்டம் முடிந்ததும் கேப்டன் டெம்போவில் ஏற மறுத்துவிட்டாள். விஷ்ராந்த்வாடியில் வீடு; மராத்திப் பெண்; என்னைக் காகா, சித்தப்பா, என்றுதான் கூப்பிடுவாள். அவள் நின்றதும் இன்னும் இரண்டு பேர் அவள் பக்கத்தில் போய் நின்றார்கள்.

"பஸ் ஜாலா, காகா. போதும். நான் இனி ஆட வரமாட்டேன்" என்றாள் மராத்தியில். "கோல் விழும்போதெல்லாம் வா வா, வா வா. நாங்க தோக்கறது உங்களுக்கு அவ்வளவு ருசியா இருக்கா?"

"நான் எங்கம்மா பாராட்டினேன்? என் பொண்ணை முன்னால கூப்பிட்டேன்."

"வா வான்னா யாராவது கூப்பிடுவாங்களா?"

"நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம். உங்க 'யே'தான் எங்க 'வா'."

பல வருஷமாக மராத்தியில் பேரம் பேசி ஜெயித்தவன் நான். பலே, பலே என்பதற்கு இங்கே 'வா வா' என்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் பதறும்போது வாயில் வருவது தமிழ். அது காற்றில் போய் மராத்தியாகிவிடும் என்று நான் கண்டேனா?

கேப்டன் என் மகள் பக்கம் திரும்பினாள். "உங்க பாஷைதானே? உனக்குத் தெரியாதா?"

என் மகள் என்னைப் பார்த்து, தட்டித்தடவித் தமிழில் சொன்னாள். "எனக்கும் தெரியலப்பா. கிரவுண்ட்ல தமிழ் கேக்கும்னு நான் நினைக்கவே இல்ல. கோல் போட்ட பொண்ணுக்கு ஷாபாஷ் போடறீங்கன்னு நினைச்சேன்."

"எல்லா மேட்ச்லயுமா?"

"எல்லா மேட்ச்லயும்."

"அடிப்பாவி. அப்புறம் எப்படி என்கூட உக்காந்து சோறு தின்னே?"

"நல்லா ஆடினா எதிரியையும் அப்பா பாராட்டுவார், பெரிய மனசுன்னு..."

பெரிய மனசு என்று அதுவரை ஒருவரும் என்னைச் சொன்னதில்லை, நானே சொல்லிக்கொண்டதைத் தவிர. என் மகள் அதையே மராத்தியில் சொல்லக் கேட்ட கேப்டன் டெம்போ கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஏறி உட்கார்ந்தும் சிரித்தாள். ஆனால் வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு நல்ல மழை. விஷ்ராந்த்வாடி முனைக்கு வரும்போது மற்ற எல்லோரும் ஏறியிருந்தார்கள். அவள் மட்டும் இல்லை. என் மகள் தார்ப்பாயை விலக்கிச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிளம்பலாம் என்று நானும் சொல்லவில்லை, வேறு யாரும் சொல்லவில்லை. கடைசியில் பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு ஓடி வந்தாள் கேப்டன்.

"அம்மா ரூமைப் பூட்டிடுச்சு, காகா. படிக்கணுமாம்."

"எப்படி வந்தே?"

"அதைக் கேக்காதீங்க."

அன்றும் தோற்றோம், ஒரு கோலில். ஆனால் பந்து வரும்போதெல்லாம் மொத்த அணியும் என் மகளைப் பார்த்து "வா! வா!" என்று கத்தியது. அவள் ஏறி ஏறி வந்தாள். மார்பிலும் தாடையிலும் வாங்கி எத்தனையோ பந்துகளை வெளியே தள்ளினாள். தங்களை எதற்குப் பாராட்டுகிறார்கள் என்று எதிரணிப் பெண்கள் விழித்தார்கள்.

வீடு, மெஷின், மரியாதை எல்லாம் நான் என் கையால் சம்பாதித்தவை. அதற்காக யாருக்கும் நான் நன்றி சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தோற்ற வருஷம் மட்டும் அந்தப் பெண்கள் எனக்குக் கொடுத்தது. கோபத்தை மனசில் பூட்டி வைக்காமல் முகத்துக்கு நேரே கேட்டாளே அந்தக் கேப்டன், அவளை இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறேன்.

கடைசி ஆட்டம் முடிந்ததும் ஜெர்சிகளைக் கல்லூரியில் ஒப்படைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. விளையாட்டு ஆசிரியர் நனைந்துகொண்டே வந்தார். "ஒப்படைக்க வேண்டாம். துவைத்து நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த வருஷத்துக்கு" என்றார்.

கேப்டன் எல்லாவற்றையும் சேறும் சகதியுமாகச் சுருட்டி என் டெம்போவில் போட்டாள். "உங்க வீட்லதான் பெரிய வாஷிங் மெஷின் இருக்குன்னு பெருமையடிச்சீங்களே, காகா."

மறுநாள் எங்கள் பால்கனி முழுக்க ஜெர்சி. கீழே நின்று ஒருவர், "என்ன, ஜெயிச்சுட்டாங்களா?" என்று கேட்டார்.

"அடுத்த வருஷமும் ஆடறாங்க" என்றேன், குடியிருப்பு முழுக்கக் கேட்கும்படி.