கோழிப் படமும் அம்மையின் நிழலும்

எங்கள் கோழிகளைப் படமெடுத்த மனிதர்மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் தீரவில்லை. மிஷன் சபையார் வளர்க்கக் கொடுத்த வெள்ளைச் சீமைக்கோழிகள் அவை. படமெடுக்க அவரை நாகர்கோவிலிலிருந்து வரவழைத்திருந்தார்கள். கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து நுழைத்து மூன்று கண்ணாடித் தகடுகளைப் பாழாக்கினார். ஒரு கோழிகூட அசையாமல் நிற்கவில்லை.

“காலக் கெட்டிப் போடு” என்று அம்மையை அதட்டினார்.

“கெட்டினா செத்த கோழி மாதிரியில்லா இருக்கும்? பெட்டியத் தாழ வையுங்க. நான் நிக்க வச்சுத் தாறேன்” என்றாள் அம்மை. பருந்தைக் கண்டதும் தாய்க்கோழி ஒரு சத்தம் கொடுக்குமே, அதை அப்படியே தொண்டையிலிருந்து எழுப்பினாள். எல்லாக் கோழிகளும் சிலையாக நின்றன. படம் அருமையாக விழுந்தது. பக்கத்து மண்ணில் கிடந்த அம்மையின் நிழலும் சேர்ந்தே விழுந்தது.

சபைக் கூடத்தில் மாட்டிய படத்தின் அடியில் அவர் பெயர் இருந்தது. பொறுமையாகக் காத்திருந்து எடுத்தேன் என்று எல்லாரிடமும் பீற்றிக்கொண்டாராம். அம்மையின் நிழலைக் காணவில்லை. தகட்டில் மை தடவி அழித்திருந்தார், பாவி மனிதர். தகட்டில் மை பட்ட இடம் படத்தில் வெள்ளையாகத்தானே விழும்; அந்த இடம் சுண்ணாம்பு அப்பியதுபோல் வெளுத்திருந்தது.

ஆனால் அந்தக் கோழிகளைப் பாருங்கள். அத்தனையும் தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் வானத்தில் இல்லாத பருந்தைத் தேடுகின்றன. அதை அழிக்க எந்த மையைத் தடவுவார்?