கால்வாய் அடைபட்ட வருடம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆவடி குவார்ட்டர்ஸை விட்டு, அயனம்பாக்கம் தாண்டி ஒரு சின்ன ஏரிக்குக் கீழே வீடு கட்டிக் குடிவந்தோம். எங்கள் மனை பழைய மேட்டு நிலம். தெருவுக்கு எதிரே கழனி தொடங்கிவிடும்.

குடிவந்த இரண்டாம் வருடம், கார்த்திகை மழை ஓய்ந்த ஒரு காலையில் எதிர்க் கழனிக்காரம்மா என் வாசலில் வந்து நின்றார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எங்களுக்குப் பால் ஊற்றுகிறவர்.

"ஏம்மா, உங்கூட்டாண்ட கால்வாய்ல எதுனா கொட்டிகினீங்களா?"

"இல்லையே அக்கா. ஏன்?"

"ஏரி ரொம்பிகீது. மதகு தொறந்துகீது. என் கழனிக்கு ஒரு சொட்டு வரல. போன வருசமும் இப்டித்தான். நீங்களும் பிளாட்டு வாங்கிகினு வந்தவங்கதானே."

எனக்குச் சுருக்கென்றது. வாங்க, பார்த்துவிடலாம் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். என் வீட்டுப் பின்புறம் கால்வாய் சுத்தமாக இருந்தது. தண்ணீர் அசையாமல் தேங்கி நின்றது. அப்படியானால் அடைப்பு இன்னும் கீழே. கரையோடு நடந்தோம். கழனிகளுக்கு நடுவே புதிதாகக் கிராவல் கொட்டிப் பாதை போட்டிருந்தார்கள். ஒரு மனை வியாபாரி அந்தப் பக்கம் நிலம் வாங்குவதாகப் பேச்சிருந்தது. கால்வாய் அந்தப் பாதைக்கு அடியில் ஒரு சிமெண்ட் குழாய் வழியாகப் போக வேண்டும். இந்தப் பக்கம் குழாயின் வாய்வரை தண்ணீர் முட்டி நின்றது. அந்தப் பக்கம் கிராவல் சரிந்து, கோரை மண்டி, குழாய் வாய் எங்கே என்றே தெரியவில்லை.

அப்போது அவருடைய கொழுந்தன் சைக்கிளில் வந்தார்.

"அண்ணி, அத்த நோண்டாதீங்க. ரோடு எறங்கிடப் போவுதுன்னு அடைச்சி வெச்சிகிறாங்க. ஆபீஸ்லயே தெரியும்."

எந்த ஆபீஸ் என்று நான் கேட்டேன். அவர் சைக்கிளைத் திருப்பி மிதித்துப் போய்விட்டார். கழனிக்காரம்மா அவர் சைக்கிள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "இவனுக்கு யார் சொன்னாங்களாம்?" என்றார். அதை என்னிடம் கேட்டாரா, தனக்குள் கேட்டுக்கொண்டாரா என்று தெரியவில்லை.

மறுநாள் கிராவல் லாரி வந்தபோது ஊர்ப் பெண்களோடு அவர் பாதையில் உட்கார்ந்துவிட்டார். நானும் போய் உட்கார்ந்தேன். யாரும் நகர்ந்து இடம் தரவில்லை; ஓரமாக ஒண்டிக்கொண்டேன். கொழுந்தனும் வந்தார். எல்லோரையும்விடச் சத்தமாக லாரிக்காரனைத் திட்டியவர் அவர்தான்.

மதியம் தாலுக்கா அதிகாரி ஜீப்பில் வந்தார், கூடவே மனை வியாபாரி. "ரெண்டு வருஷமா இங்க சாகுபடியே இல்ல. தரிசுலதானேம்மா மனை போடறாங்க?" என்றார் அதிகாரி.

"தண்ணிய அடைச்சிட்டு தரிசுன்னா எப்டி சார்? எறங்கி வந்து பாரு சார்," என்றார் கழனிக்காரம்மா.

அதிகாரி இறங்கிப் பார்த்தார். ஊர்க்காரர்கள் யாராவது குப்பை தள்ளியிருப்பார்கள் என்றார் வியாபாரி. கூட்டம் பெரிதாகிக்கொண்டிருந்தது. "சரி, இப்பவே எடுத்துடுங்க," என்று அதிகாரி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

யாரோ கடப்பாறை கொண்டுவந்தார்கள். கழனிக்காரம்மா அதை வாங்கிக் கொழுந்தன் கையில் கொடுத்தார்.

"நீயே ஒட நைனா."

அவர் தயங்கினார். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதையின் மறுபக்கம் இறங்கினார். எங்கே என்று தேடவில்லை. கோரையை ஒரு கையால் விலக்கி, கிராவலில் ஓரிடத்தில் குத்தினார். முதல் குத்திலேயே சிமெண்ட் பூச்சு நொறுங்கும் சத்தம் கேட்டது. உள்ளே மண் மூட்டைகள். இரண்டை இழுத்ததும் தண்ணீர் அவர் காலை வாரிக்கொண்டு பாய்ந்தது.

கழனிக்காரம்மா அவரைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கடப்பாறையைத் திரும்ப வாங்கிக்கொண்டு தண்ணீரோடு கூடவே தன் கழனியை நோக்கி நடந்தார்.

அந்தத் தையில் அவர் நாற்று நட்டார். கொழுந்தன் அந்தக் கழனியில் தன் பாகத்தைப் பிரித்து வாங்கி அடுத்த வருடமே விற்றுவிட்டார். அங்கே வீடுகள் எழும்பின. மழைக்காலத்தில் அந்த வீட்டுக்காரர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து பஸ்ஸுக்குப் போவதை மாடியிலிருந்து பார்த்திருக்கிறேன். கழனிக்காரம்மா தன் பாகத்தைக் கடைசிவரை விற்கவில்லை.

பல வருடம் கழித்து அதே வியாபாரி என் வீட்டுக்கு வந்தார். நீங்கள் சொன்னால் அந்தம்மா கேட்பார் என்றார். முடியாது என்று அனுப்பிவிட்டேன். அவர் கேட்டைச் சாத்துவதைக் கழனிக்காரம்மா வரப்பிலிருந்து பார்த்துவிட்டார். மாலையில் பால் ஊற்றும்போது கேட்டார்.

"அவன் இன்னாத்துக்கு வந்தான்?"

நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார்.

"செரி," என்று சொல்லிப் போய்விட்டார். நம்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.