வீரையா விரிக்காத பாய்

வீரையா இறந்த செய்தி காலைப் பெரட்டில் வந்தது. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியான நான் பெயர் கூப்பிட்டு ஆட்களை மலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். தானா ராத்தா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அவர் மருமகன், "மாமா விடியக்காலையில தவறிட்டாரு, கிராணி" என்றார். "அடப்பாவமே, கடலுக்குப் பாய் விரிச்சவரு போயிட்டாரா!" என்றது ஒரு குரல். இரண்டொருவர் சிரித்தும்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பன்னிரண்டு வருடமாக அதுவே அவருக்குப் பெயர்.

எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் இயந்திரங்கள் அவர் பொறுப்பு. எழுபத்தாறில், தோட்டத்துக் குடும்பங்களை ஒருநாள் லுமுட் கடற்கரைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று துரையிடம் அனுமதி வாங்கியவர் அவர்தான். பழைய தேயிலைப் பெட்டிப் பலகையை அறுத்து, நைலான் நரம்பைச் சுற்றி, நுனியில் முள்ளும் எடைக்கு ஓர் இயந்திர நட்டும் கட்டி, வீட்டுக்கொரு தூண்டில் செய்தார். "மீனு கெடைக்கலன்னா பரவால்ல லா. புள்ளைங்க கையை ஒருவாட்டி கடல் இழுக்கணும், அது போதும்" என்பார்.

அன்று பாய்களையும் சோற்று அண்டாக்களையும் ஏற்றிக்கொண்டு லாரியில் நாங்கள் இருவரும் முன்னால் போனோம். என்னை இறக்கிவிட்டு அவர் டவுனுக்கு இறால் வாங்கப் போனார். கடல் வெகுதூரத்தில் கிடந்தது. இடையில் கெட்டியான, சமமான மணல். எனக்குத் தெரிந்த தண்ணீரெல்லாம் ரிங்லெட் அணைக்கட்டு ஏரிதான். காலையில் இருந்த கரையிலேயே அது மாலையிலும் இருக்கும். பிள்ளைகள் நடக்க வேண்டாமே என்று, மரநிழலை விட்டு, தண்ணீர் ஓரத்தில் பாய்களை விரித்தேன். பின்னால் பஸ்ஸில் வந்தவர்கள் வீரையாவின் ஏற்பாடு என்று நினைத்து உட்கார்ந்தார்கள். அவரோ டவுனிலிருந்து நேராகப் பாறைப் பக்கம் தூண்டில் போடப் போய்விட்டார்.

மத்தியானம் எல்லாரும் பாறையில் இருந்தார்கள். பாயில் ஒரு கைக்குழந்தையும், பக்கத்தில் கண்ணயர்ந்த அதன் அத்தையும் மட்டும். கடல் ஏறி வந்தபோது முன்பக்கமாக வரவில்லை. பக்கத்துப் பள்ளத்தில் புகுந்து பின்னால் சுற்றி வந்தது. நான் பாறையில் நின்று கத்தினேன், அவ்வளவுதான். வீரையா ஓடிவந்து, அத்தை பதறி எழுவதற்குள், மிதக்கத் தொடங்கிய பாயிலிருந்து குழந்தையைத் தூக்கினார். சாம்பாரும் செருப்புகளும் போயின. அன்று எல்லாருக்கும் பிஸ்கட்தான் சாப்பாடு.

மறுநாள் துரை எங்களைக் கூப்பிட்டு, பாய் விரித்தது யார் என்று கேட்டார். வாய் திறக்க எனக்கு நேரம் இருந்தது. நான் திறக்கவில்லை. "நாந்தாங்க தொரை" என்றார் வீரையா. இனியும் வருடாவருடம் பஸ் கடலுக்குப் போகலாம், அவர் மட்டும் போகக்கூடாது என்று தீர்ப்பாயிற்று. வெளியே வந்ததும், "ஒனக்கு வேலை இன்னும் நிரந்தரம் ஆவல, தம்பி. எனக்கு மெஷின் இருக்கு. என்னைய யாரு என்ன பண்ணுவா?" என்றார்.

அதன்பின் வருடந்தோறும் நான்தான் பஸ்ஸைக் கூட்டிப்போனேன். தூண்டில் செய்வது மட்டும் அவர். திரும்பி வரும்போது தொழிற்சாலை வாசலில் நிற்பார். எத்தனை மீன் என்று கேட்டதே இல்லை. "கடல் இன்னிக்கி எது வரைக்கும் வந்துச்சு, தம்பி?" என்பார். "மரத்து வேர் வரைக்கும்ணே" என்பேன். தலையாட்டிவிட்டு உள்ளே போவார். அன்று அவர் தூக்கிய குழந்தையே வளர்ந்து அவரைப் 'பாய் மாமா' என்று கூப்பிட்டாள். ஊரோடு சேர்ந்து ஒருமுறை நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மூன்று வருடத்துக்கு முன் துரை மாறினார். புதியவரிடம் கேட்டிருந்தால் வீரையாவை அனுப்பியிருப்பார். கேட்டால் பழைய காரணத்தைச் சொல்ல வேண்டும். நான் அதற்குள் பெரிய கிராணி ஆகியிருந்தேன். கேட்கவில்லை. அவர் கடலைப் பார்த்தது அந்த ஒரே நாள்தான்.

அவர் கடைசியாகச் செய்த தூண்டில் என் மேசையில் இருக்கிறது. என்னிடம் மிஞ்சியிருப்பது அதுவும், கடல் எது வரைக்கும் வந்தது என்ற அந்தக் கேள்வியும்தான். அவரைத் தெரிந்தவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அன்று பாய் விரித்தவன் நான். வீரையா அண்ணன் குழந்தையைத் தூக்கியவர்.