அப்பாவின் கழுத்துக் கட்டி

எங்கள் அப்பா ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில், கொழுந்து அரைக்கும் மெசினில் வேலை பார்த்தார். சிறுநீரில் ரத்தம் போவதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சாரத்தைத் துவைக்கும்போது அம்மாதான் கண்டுபிடித்தார்.

சூடு என்று நினைத்து அம்மா வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தார். நின்றது, மறுபடியும் வந்தது. தோட்டத்து மருந்துக்காரர் கண்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே குழாய் விட்டுப் பார்த்து, சிறுநீர்ப்பைக்குள் இருந்த கட்டியைச் சுட்டு எடுத்தார்கள். புற்று என்று அப்போதே சொன்னார்கள். அதற்குப் பிறகு ஒரு வருசத்துக்கும் மேல் அப்பா வழக்கம்போல வேலைக்குப் போனதால், நாங்கள் அந்தச் சொல்லையே மறந்தவர்கள் மாதிரி இருந்தோம்.

லிந்துலையில் எனக்கு மாப்பிள்ளை பேசி முடித்த சமயம், அப்பாவின் இடது கழுத்தடியில் பாக்களவு ஒரு கட்டி தெரிந்தது. வலியில்லை. விறகு சுமந்ததால் வந்த வீக்கம் என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டார். பக்கத்தில் இன்னொன்றும் கிளம்பியபோது கண்டிக்குப் போனோம். டொக்டர் சிங்களவர். எனக்குச் சிங்களம் வரும் என்பதால் நான் கூடப் போனேன். கட்டியில் துண்டெடுத்துச் சோதித்தார்கள். அடுத்த முறை போனபோது டொக்டர் என்னிடம் நிதானமாக எல்லாவற்றையும் சொன்னார். அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா சொல்றாரு? உள்ளத உள்ளபடி சொல்லு."

"மூத்திரப்பையில இருந்த அதே நோய்தாம்பா கழுத்து நெறிக்கட்டிக்கு வந்திருக்காம்."

"முன்ன மாதிரி சுட்டு எடுக்க முடியாதாமா?"

கேட்டேன். அப்போது ஒரே இடத்தில் இருந்தது, இப்போது உடம்புக்குள் வேறு இடங்களுக்கும் போயிருக்கும், வலிக்கு மருந்து தரலாம் என்றார் டொக்டர். அதையும் அப்படியே சொன்னேன். அப்பா டொக்டரைக் கும்பிட்டுவிட்டு எழுந்தார்.

திரும்பி வரும் ரயில் றொசல்ல ஸ்டேசனில் நின்றபோது சொன்னார்.

"மாப்பிள்ள வீட்ல மறைக்கக் கூடாது. நானே போய்ச் சொல்லிர்றேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமையே போனார். மாப்பிள்ளையின் அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, "கல்யாணத்தத் தள்ளி வைக்கவா, முன்னுக்கு வைக்கவா? நீங்களே சொல்லுங்கண்ணே" என்றாராம்.

"முன்னுக்கு வைங்க தங்கச்சி."

தோட்டத்துக் கோயிலில் கல்யாணம் நடந்தது. ஒட்டிக்கொள்ளும் நோய் என்று பயந்து சொந்தக்காரர் சிலர் தள்ளியே நின்றார்கள். சம்பந்திக்கு மாலை போட என் மாமனார் வந்தபோது என் மாமியார் அதை வாங்கி, கட்டியில் அழுந்தாமல் அப்பாவின் கையில் கொடுத்தார். பந்தியில் அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். அதைப் பார்த்த பிறகு மற்றவர்களும் கிட்டே வந்தார்கள். அன்றைக்கு அப்பா நிறையச் சிரித்தார்.

மழைக்காலத்தில் அவர் படுத்துவிட்டார். நானும் என் வீட்டுக்காரரும் அப்பாவின் லயத்து வீட்டுக்கு வந்து தங்கினோம். கை வீங்கியது, சாப்பாடு இறங்கவில்லை. மருந்துக்காரர் கொடுத்த மருந்தில் வலி அடங்கும். அந்த நேரம் அம்மாவிடம் ஏதாவது பேசிக்கொண்டிருப்பார். ஒருநாள் காலையில் தேத்தண்ணியைப் பாதி குடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்தார். அம்மா கூப்பிட்டதற்குப் பதில் வரவில்லை.

காரியம் முடிந்ததும் மாமியார் அம்மாவின் துணிமணிகளைத் தானே மடித்துக் கட்டினார். அம்மா மறுத்தார். "மக வீடுதானே அண்ணி, வாங்க" என்றார் மாமியார். என் வீட்டுக்காரர் மூட்டையைத் தூக்கிக்கொள்ள, மூன்று பெண்களும் அவரோடு லிந்துலைக்குப் போனோம்.