பஞ்சு வைத்த வாயோடு வாதம்

பல் டாக்டர் வாதத்தில் தோற்றதே இல்லை என்று தெருவெல்லாம் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே அவர்தான். கடவுள் இல்லை என்று எந்தக் கொம்பன் வந்து சொன்னாலும் வாயடைத்து அனுப்பிவிடுவாராம். அடைக்காமல் என்ன செய்வார்? எதிராளி நாற்காலியில் மல்லாந்து கிடக்கிறான். இரண்டு கன்னத்திலும் பஞ்சு, நாக்கு மரத்துப் போயிருக்கிறது. உதட்டோரம் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பது டாக்டரின் மனைவி. இந்த மகா வீரத்தைப் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்து அவளுக்குக் குமட்டிப் போயிருந்தது.

“பானைன்னு ஒண்ணு இருந்தா குயவன்னு ஒருத்தன் இருக்கணுமா, இல்லையா?” என்பார் டாக்டர், பல்லைத் துளைப்பதை நிறுத்தாமல்.

“ஆ…” என்பான் நோயாளி.

“பாத்தியா, ஒத்துக்கிட்டான்!” என்று மனைவியைப் பார்த்துக் கண்ணடிப்பார். அந்தக் குயவனைச் செய்தது யார் என்று அந்த ஆள் கேட்க வந்தது அவளுக்குப் புரியும். டாக்டர் அதற்குள் அடுத்த பிரசங்கத்துக்குத் தாவியிருப்பார். “கடவுளே இல்லைன்னு சொன்னவனையும் முனிவர்னு கும்பிட்டு உட்கார வெச்சது நம்ம மதம்தான். இந்தப் பெரிய மனசு வேற யாருக்கு வரும், சொல்லு!”

வருகிற நாத்திகர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. வாசலில் புலியாக உறுமிவிட்டு, ஊசியைக் கண்டதும் “ஐயோ கடவுளே!” என்று அலறுவார்கள். டாக்டர் அதையும் தன் வெற்றியாகச் சேர்த்துக்கொள்வார். தூ, இதுவும் ஒரு வாதமா? தினமும் காலையில் அவளும்தான் கண்ணை மூடிக் கும்பிடுகிறாள். அதற்காக யார் வாயையாவது பிடித்துத் திறந்தாளா?

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் மகள் ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். தங்கமான பையன், ஆனால் கடவுள் நம்பிக்கை கிடையாது. அதை வந்த அன்றே சொல்லியும் தொலைத்துவிட்டான்.

டாக்டர் எகிறிக் குதித்தார். “என்கிட்ட வாதம் பண்ணி ஜெயிக்கட்டும், பொண்ணைக் கட்டித் தரேன். தோத்தா இந்த வாசப்படியை மிதிக்கவே கூடாது!”

“சரி சார். எங்க பேசலாம்?”

“க்ளினிக்குக்கு வா. உனக்குக் கடைவாய்ப் பல்லு ஒண்ணு சொத்தை மாதிரி தெரியுது.”

மகள் அம்மாவை அடுக்களைக்கு இழுத்துக்கொண்டு போய் அழுதாள். “எனக்கு இவரை விட்டா வேற யாரும் வேணாம்மா. அப்பா எப்படி ஜெயிப்பாருன்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும்டி. மூக்கைத் துடை,” என்றாள் அம்மா.

மறுநாள் பையன் நாற்காலியில் படுத்தான். மகள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஊசி இறங்கியது. பையன் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தானே தவிர யாரையும் கூப்பிடவில்லை. டாக்டருக்கு அதிலேயே பாதி முகம் சுருங்கிவிட்டது. அவசர அவசரமாகப் பஞ்சை அடைத்துவிட்டு, “பானைன்னு ஒண்ணு இருந்தா…” என்று ஆரம்பித்தார்.

“ஆ…” என்றான் பையன்.

“ஒத்துக்கிட்டான்! அவ்வளவுதான், எழுந்து கிளம்பு!”

மனைவி குழாயை மாட்டிவைத்துவிட்டு, பையன் வாயிலிருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

“ஏய், என்ன பண்றே?”

“பல்லு எங்கயும் ஓடிப்போகாது. நீங்க பதில் சொல்லுங்க தம்பி.”

மரத்த உதட்டோடு பையன் குழறிக் குழறிச் சொன்னான். “கடவுள் இல்லைன்னு நிரூபிக்க எனக்குத் தெரியாது சார். ஆனா உங்க பொண்ணு கிடைக்கணும்கறதுக்காக, இருக்காருன்னு பொய் சொல்ல மாட்டேன்.”

பதில் சொல்லுகிற எதிராளியை டாக்டர் இதற்குமுன் பார்த்ததே இல்லை, பாவம். அவர் கை தானாகப் பஞ்சுத் தட்டைத் தேடியது. தட்டு மனைவி கையில் இருந்தது.

“கடவுள் இல்லைன்னவனையும் உட்கார வெச்ச பெரிய மனசுன்னு ஊருக்கெல்லாம் சொல்றீங்களே. இந்தத் தம்பி உட்கார்ந்துதானே இருக்கார்? அந்த மனசை எடுங்க, பார்ப்போம்.”

“நீ… நீயும் சாமி கும்பிடறவதானே?”

“ஆமா. சாமி வாயில யாரும் பஞ்சு வெக்கலையே. பேசணும்னா அவரே பேசிக்குவார்.” அவள் கதவைத் திறந்தாள். “உள்ள வாடி. அப்பா சம்மதிச்சுட்டார்.”

“ஆ…” என்றார் டாக்டர்.

“பாத்தியா, ஒத்துக்கிட்டார்,” என்றாள் அவள்.