கை வைத்தால் திட்டும் வெட்டு

தினமும் தோள்பையைக் கழற்றுவதற்கு முன்பே ஜெயசீலி கம்ப்யூட்டரை உசுப்பி, தான் எழுதியதைத் தானே கெடுக்கப் பார்க்கிறாள். கம்ப்யூட்டர் மறுக்கிறது, திரையில் ஒரு திட்டு வந்து விழுகிறது. "ம், காவல் முழிச்சிக்கினுதான் கீது" என்று சிரித்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவாள்.

திருபுவனையில் அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலை அது. வில்லியனூரிலிருந்து பஸ்ஸில் வருகிறாள். ஓர் அட்டையில் எங்கே வெட்டு, எங்கே மடிப்பு என்று கணக்குப் போட்டுத் தருவது அவள் வேலை. எழுதுவது லிஸ்ப் என்கிற மொழியில். அதில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர் வைத்து, செய்முறையைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்; அதைத்தான் ஃபங்ஷன் என்கிறார்கள். வம்பு என்னவென்றால், அதே பெயருக்கு வேறு யாராவது வேறு செய்முறை சொன்னால், கம்ப்யூட்டர் பழையதை மூச்சுக்காட்டாமல் மறந்துவிடும்.

பக்கத்து நாற்காலித் தணிகைவேல் அப்படித்தான் ஒருநாள் அதே கம்ப்யூட்டரில் 'வெட்டு' என்று தனக்கொரு ஃபங்ஷன் எழுதினான். ஜெயசீலியின் 'வெட்டு' மாயமாயிற்று. மறுநாள் ஒரு லாரி நிறையப் பெட்டிகள் மூடியே இல்லாமல் பிறந்தன. "இன்னொரு வாட்டி இப்டி ஆச்சுன்னா கம்ப்யூட்டர வித்துப்புடுவேன். நீ பழையபடி டைப் அடிக்கப் போ" என்றார் முதலாளி சுப்புராயன். அந்த டைப் மிஷினிடம் திரும்பிப் போக ஜெயசீலிக்கு மனசே இல்லை.

அன்றைக்கு அவள் செய்ததுதான் பூட்டு. யாராவது ஒரு பெயருக்குப் புதுச் செய்முறை சொல்ல வந்தால், அந்தப் பெயர் பூட்டியதா என்று கம்ப்யூட்டர் முதலில் பார்க்கும், பூட்டியிருந்தால் திட்டும். எல்லாப் பெயரையும் அவள் பூட்டுவதில்லை. "எல்லாத்தியும் பூட்டிட்டா நான் எப்டிப்பா எழுதறது? சரியா வேல செய்யுதுன்னு தெரிஞ்சதுக்கு மட்டுந்தான் பூட்டு" என்பாள். ஒவ்வொரு பூட்டுக்கும் தனித் திட்டு, இங்கிலீஷ் எழுத்தில் வில்லியனூர்த் தமிழ். 'மடி'யைத் தொட்டால், "இன்னா நைனா, கை அரிக்குதா?" புதுத் திட்டு வாங்குவதற்காகவே தணிகைவேல் வேலை மெனக்கெட்டு ஒவ்வொரு பெயராகக் கை வைத்துப் பார்ப்பான். திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதனை அந்த வட்டாரத்தில் யாரும் பார்த்ததில்லை.

போன வாரம் முதலாளியே வந்து நின்றார். அட்டையை மிச்சம் பிடிக்க வெட்டும் அளவைக் குறைக்கச் சொன்னார். ஜெயசீலி சாப்பிடப் போயிருந்தாள். முதலாளியைக் கண்ட பதற்றத்தில் தணிகைவேல் பூட்டை மறந்து, 'வெட்டு'க்குப் புதுச் செய்முறையை அடித்தான். திரையில் வந்ததை முதலாளி எழுத்துக் கூட்டி வாசித்தார்: "கைய எடு. இது இன்னா உங்கப்பன் வூட்டு சொத்தா?"

டிபன் பாக்ஸோடு உள்ளே வந்த ஜெயசீலியைப் பார்த்ததும் வெடித்தார்.

"ஆமாம்மா, எங்கப்பன் வூட்டு சொத்துதான். தொற பூட்ட!"

அவள் டிபன் பாக்ஸை மேசையில் வைத்தாள். டைப் மிஷின் கண்முன்னே வந்து நின்றது. ஆனாலும், "அத தொறக்க மாட்டேன் சார். எல்லா ஆர்டரும் அதுலதான் போவுது. உங்களுக்குன்னு வேற பேர்ல எழுதித் தரேன்" என்றாள். பதிலுக்குக் காத்திராமல் உட்கார்ந்து 'சுப்புராயன்வெட்டு' என்று அடித்தாள். பழைய வெட்டு அதுபாட்டுக்கு இருக்க, புதியது பக்கத்தில் குடிவந்தது. மாதிரிப் பெட்டி செய்து பார்த்தார்கள்: சோப்புக்குத் தாங்காது, பிஸ்கட்டுக்கு அருமை. திரையில் தன் பெயரைப் பார்த்த முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை.

"ஏம்மா, என்னுதுக்கும் ஒரு பூட்டப் போட்டுடு. இந்தத் தணிகைவேலு கை சும்மா இருக்காது."

"இன்னா திட்டு வெக்கட்டும் சார்?"

அவர் தணிகைவேலைக் காதைப் பொத்திக்கொள்ளச் சொன்னார். பிறகு சொன்னார். ஜெயசீலி ஒரு கையால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, மறு கையின் ஒற்றை விரலால் அதை எழுத்தெழுத்தாக அடித்தாள்.