கலாதேவி காப்பாற்றிய ஒரே வரிசை

மலேசியாவில் செமோர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவள் கலாதேவி. தோட்டத்தை அழித்து வீடு கட்டியபின் அவளுக்குக் கிடைத்தது மண்ணே இல்லாத தோட்ட வேலை. கொட்டகைக்குள் நீளக் குழாய்கள், குழாய்த் துளைகளில் சலாட் கீரை, வேருக்கு அடியில் ஓடும் சத்துநீர். எட்டு வருடத்தில் அவள் கைப்பட்ட செடி வாடியதாகச் சரித்திரமில்லை.

தோட்ட லயத்து வீடுகளில் வளர்ந்த பெண்களுக்கு ஒரு வழக்கம். பைப் தண்ணீரை ஒருநாள் வெயிலில் திறந்து வைத்து, குளோரின் நெடி போனபிறகே செடிக்கு ஊற்றுவார்கள். கொட்டகையில் தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம்களையும் அவள் அப்படித்தான் திறந்து வைப்பாள்.

புதிய மேற்பார்வையாளன் தனேஸ்வரன் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்வந்த மேதாவி. கொசு முட்டையிட்டால் அபராதம் விழும் என்று டிரம்களை இறுக மூடவைத்தான். பாசி பிடிக்கிறதாம், நீச்சல்குளக் குளோரின் தூளைக் குவளை குவளையாகக் கொட்டினான்.

“நெடி கண்ணக் கரிக்குது தம்பி. வேரு தாங்காது,” என்றாள்.

“உங்க வேலயப் பாருங்கக்கா. படிச்சவன் நானா நீங்களா?”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தனித்தொட்டி உள்ள கடைசி வரிசைக்கு மட்டும் வாளியில் திறந்து வைத்த நீரையே ஊற்றிவந்தாள்.

ஐந்தாம் நாள் இலையோரமெல்லாம் கருகியது. வேர்கள் பழுப்பேறி நொளநொளத்தன. கடைசி வரிசை மட்டும் பச்சைப்பசேல் என்றிருந்தது. ஈப்போவிலிருந்து ‘தவுக்கே’ என்று எல்லோரும் கூப்பிடும் முதலாளி யுகேந்திரன் அடித்துப் பிடித்து ஓடிவந்தார். தனேஸ்வரன் முந்திக்கொண்டான்.

“இவங்க வரிச மட்டும் எப்படி நல்லாருக்கு தவுக்கே? என்னைக் கவுக்க மத்ததுல என்னமோ ஊத்திட்டாங்க லா.”

அந்த வாய் புழுத்தாலும் தகும். யுகேந்திரனோ அதை அப்படியே நம்பினார்.

“நாளையிலேருந்து வரவேணாம்க்கா.”

கலாதேவி அழவில்லை. தனேஸ்வரனின் தூளை அவன் குவளையிலேயே அள்ளிக் கரைத்து, தன் வரிசையின் தொட்டியில் ஊற்றினாள். பெற்ற பிள்ளைக்கு விஷம் வைப்பதுபோல் இருந்தது.

“ரெண்டு பேரும் பாத்துக்குங்க. தம்பி டிரம்முல கொட்டுன அதே தூளு, அதே அளவு. வேற எதுவும் ஊத்தல. மூணு நாளு கழிச்சு வேரத் தூக்கிப் பாருங்க.”

நான்காம் நாள் யுகேந்திரன் போன் செய்தார். அந்த வேரும் அழுகிவிட்டதாம். தனேஸ்வரனை வேலையைவிட்டு அனுப்பிவிட்டாராம்.

“மனசுல வச்சுக்காதீங்கக்கா. திங்கக்கெழம வாங்க.”

“எட்டு வருசம் பாத்த பொம்பள சொன்னா நம்பல. நல்லாருந்த செடியையும் கொன்னு காட்டினாத்தான் நம்புறீங்க,” என்றாள் கலாதேவி. “நான் வரல.”